திருகோணமலைப் படத்தில் இருப்பது எந்தத் துவக்கு? பழைய எஸ்.எம்.ஜி.களின் (கையில் தூக்கிச் சுடுகிற சிறு தானியங்கித் துவக்குகளின்) குறிகள், இலக்கங்கள், மாறிப்போன பாகங்கள்

கேள்வி: கல்முனை வாசகர், 4 பெப்ரவரி 2023

எங்கள் அப்பப்பாவின் படம் ஒன்று பெட்டிக்கு அடியில் கிடைத்தது. வெள்ளைச் சீருடை, திருகோணமலை, 1950கள். கையில் ஸ்டென் கன். துவக்கின் பக்கத்தில் ஏதோ எழுத்து இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. இது அசல் ஸ்டென்தானே? எந்தக் கம்பனி, எந்த வருடம் என்று சொல்ல முடியுமா? பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கீழே விவரம் எழுதப் போகிறோம்.

4 பெப்ரவரி, இரவு

தம்பி, ஃபிரேம் கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. அது ஸ்டென் இல்லை.

எழுத்தை விடுங்க. முதலில் உருவத்தைப் பாருங்க. மகசின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, சரி. அதை வைத்துத்தான் எல்லோரும் ஸ்டென் என்கிறார்கள். ஆனால் பின்னால் முழு மரக்கட்டை. குழலைச் சுற்றித் துளை போட்ட உறை வாய்வரை ஓடுகிறது. ஸ்டென் மார்க் 2, அதாவது இரண்டாம் மாதிரி, என்றால் துளையுள்ள உறை கையளவு நீளம்தான், அதற்கு முன்னால் குழல் வெறுமனே நீட்டி நிற்கும். பின்பக்கம் இரும்புக் குழாயை வளைத்து ஒட்டியது போல இருக்கும், மரம் கிடையாது.

மரமும் நீள உறையும் பக்க மகசினும் ஒன்றாக இருந்தால் அது லான்செஸ்டர். வெள்ளைச் சீருடையும் திருகோணமலையும் அதற்குத்தான் பொருந்துகிறது. அது பிரித்தானியக் கடற்படையின் துவக்கு.

5 பெப்ரவரி

ஃபோனில் எடுத்த படத்தை இன்னொரு ஃபோனால் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து எப்படித் தெரியும்? ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் பண்ணுங்க, 1200 டி.பி.ஐ.யில். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து.

7 பெப்ரவரி

நேற்று முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"ஸ்டென் மார்க் 5க்கு மரக்கட்டை உண்டு" என்று எழுதியவர் சொன்னது சரி. 1944இல் வந்த மார்க் 5க்கு மரப் பின்கட்டை உண்டு, மரக் கைப்பிடியும் உண்டு. அந்தக் கைப்பிடிதான் விசயம். ரிகருக்குப் பின்னால் தனியாகக் கீழ்நோக்கி நிற்கும் பிடி. அப்பப்பாவின் துவக்கில் அது இல்லை. கட்டையே கழுத்தில் மெலிந்து, கை பிடிக்கிற இடமாகிவிடுகிறது, பழைய லீ என்ஃபீல்ட் ரைபிள் போல. போல என்ன, லீ என்ஃபீல்ட் கட்டையின் அச்சைத்தான் லான்செஸ்டருக்குப் போட்டார்கள். வாய்க்குக் கீழே அந்த ரைபிளின் 1907ஆம் ஆண்டு மாதிரிப் பயனெற் மாட்டுகிற முளையும் இருக்கும்.

"ஜேர்மன் எம்.பி. 28" என்று எழுதியவருக்கு: கண் நல்ல கண். லான்செஸ்டரே எம்.பி. 28ஐப் பார்த்துச் செய்ததுதான். 1940இல் டன்கேர்க்கில் ஆயுதங்களைப் போட்டுவிட்டு வந்த பிரித்தானியாவுக்கு விமானத் தளங்களைக் காக்க அவசரமாக ஏதாவது வேண்டியிருந்தது. புதிதாக யோசிக்க நேரமில்லை, எதிரியின் துவக்கைப் பிரதி எடுத்தார்கள். ஜோர்ஜ் லான்செஸ்டர் அந்த வேலையைப் பார்த்த பொறியியலாளர், பெயர் அவருடையது. விமானப்படைக்கென்று தொடங்கியது கடைசியில் கடற்படைக்கே போய்ச் சேர்ந்தது. வித்தியாசம் வேண்டுமென்றால் பயனெற் முளையைப் பாருங்க, மகசின் செருகுகிற கூட்டைப் பாருங்க. லான்செஸ்டரில் அந்தக் கூடு பித்தளை. கறுப்பு வெள்ளைப் படத்திலும் பித்தளை வேறு மாதிரி வெளிறித் தெரியும்.

"ஓவன் கன்" என்று எழுதியவர் விளையாட்டுக்கு எழுதினார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஓவனுக்கு மகசின் மேலே வானத்தைப் பார்த்து நிற்கும்.

11 பெப்ரவரி

ஸ்கேன் வந்துவிட்டது. படம் எடுத்த ஸ்டூடியோக்காரரின் கை நல்ல கை.

பின் குறிகாட்டியைப் பெரிதாக்கிப் பாருங்க. லான்செஸ்டர் மார்க் 1க்கு ரைபிளில் இருப்பது போல ஏற்றி இறக்குகிற நீளக் குறிகாட்டி, 600 யார்வரை அளவு போட்டது. இந்தப் படத்தில் அது இல்லை. சின்னதாக, மடக்கி நிமிர்த்துகிற தகடு மாத்திரம், 100க்கும் 200க்கும். அப்புறம் ரிகர் வளையத்துக்கு முன்னால் பாருங்க. மார்க் 1இல் அந்த இடத்தில் ஒற்றைச் சூடா தொடர்ச்சூடா என்று மாற்றுகிற நெம்பு இருக்கும். இங்கே வெறும் இரும்பு.

அப்படியென்றால் மார்க் 1 நட்சத்திரம். ஆங்கிலேயர் ஒரு மாதிரியைச் சிறிது மாற்றினால் இலக்கத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார்கள். ஒற்றைச் சூடு வேண்டாம், நீளக் குறிகாட்டி வேண்டாம், செலவைக் குறை என்று எளிமையாக்கியது.

இதோடு கதை முடிவதில்லை. மார்க் 1ஆகத் தொழிற்சாலையை விட்டு வந்த பல துவக்குகளைக் கடற்படையின் சொந்தப் பட்டறைகளில் பிறகு நட்சத்திரமாக மாற்றினார்கள். நெம்பைக் கழற்றி, குறிகாட்டியை மாற்றி. ஆகவே அப்பப்பாவின் கையிலிருப்பது பிறந்ததே நட்சத்திரமாகவா, பிறகு ஆனதா என்பதைக் கூட்டின் மேலுள்ள எழுத்துத்தான் சொல்லும். அந்த எழுத்தில் கதிரை முதுகின் நிழல் விழுந்து கிடக்கிறது.

12 பெப்ரவரி

எழுத்தைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள்.

லான்செஸ்டரில் முக்கியமான எழுத்தெல்லாம் மகசின் கூட்டின் மேல்தான். பெயர், மார்க், இலக்கம். செய்த இடங்கள்: ஸ்டேர்லிங் கம்பனி, அது டகன்ஹாமில் இருந்தது, பெரும்பங்கு அவர்களுடையது. பேர்மிங்ஹாமில் கிரீனர். லண்டனில் பொஸ். எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கிரீனர், பொஸ் இரண்டும் வேட்டைத் துவக்குச் செய்கிற வீடுகள். பழைய லைசன்ஸ் துவக்குகளில் கிரீனர் பெயரைப் பார்த்தவர்கள் அம்பாறைப் பக்கம் இன்னும் இருப்பார்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கம்பனிப் பெயரை வெளிப்படையாக அடிக்காமல் குறியெண் போடுவது வழக்கம். ஸ்டேர்லிங்குக்கு எஸ் 109.

எனக்கு இதிலே மிகவும் பிடித்தது இலக்கத்தின் கடைசியில் தனியாக நிற்கிற 'ஏ' என்ற எழுத்து. பலர் அதை ஏதோ தொடர் என்று நினைக்கிறார்கள். பிரித்தானியத் துவக்குகளில் இலக்கத்துக்குப் பின்னால் 'ஏ' வந்தால் அதன் அர்த்தம்: கவனம், இந்தத் துவக்கின் பாகங்கள் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு மெல்லிய முடி அளவு வித்தியாசத்தைத் தொழிற்சாலையே ஒப்புக்கொண்டு, ஆயுதக் களஞ்சியக்காரனுக்கு எழுதி வைத்த கடிதம் அது. அரத்தை எடுத்துக்கொண்டுதான் வரவேணும் என்று.

நான் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலைப் பட்டறையில் வேலை பழகியவன். பம்புக்கு மூடி மாற்றுவோம். கட்டலொக்கில் ஒரே இலக்கம் போட்டிருக்கும், சாமான் வந்து இறங்கினால் இருக்காது. தேய்த்து, திரும்ப வைத்து, நீல மை பூசி, எந்த இடம் தொடுகிறது என்று பார்த்து, திரும்பத் தேய்த்து. வேலை பழக்கிய பாஸ் அப்படி இருத்திய மூடியின் உட்பக்கத்தில் சின்ன ஊசிப்பஞ்சால் பம்பின் இலக்கத்தை அடித்துவிடுவார். அடுத்தமுறை கழற்றுகிறவன் மாற்றிப் போடக்கூடாது என்பதற்காக. துவக்கின் போல்டிலே, உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புத் துண்டிலே, அதே இலக்கம் அடித்திருப்பதும் அதே காரணத்துக்குத்தான். சேகரிப்பவர்கள் இதை "இலக்கம் பொருந்துது" என்று விலை ஏற்றப் பயன்படுத்துகிறார்கள். அடித்தவனுக்கு விலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

12 பெப்ரவரி, கொஞ்சம் பிந்தி

ஓம், சம்மாந்துறைக் காக்கா, நீல மை என்றால் பிரசியன் புளூதான். விரலில் பட்டால் ஒரு கிழமை போகாது. கலியாண வீட்டுக்கு அந்த விரலோடு போய்ச் சோறு தின்ற அனுபவம் எல்லாப் பிற்றருக்கும் உண்டு.

26 பெப்ரவரி

அம்புக்குறி பற்றிக் கேட்டவருக்கு.

மூன்று கோடு மேலே ஒரு முனையில் சேருகிற அந்த அம்பு பிரித்தானிய அரசின் உடைமைக் குறி. துவக்கில் மட்டுமல்ல, கைக்கடிகாரம், திசைகாட்டி, பெட்டி, கத்தி, ஸ்பானர் எல்லாவற்றிலும் அடித்திருப்பார்கள். என்னிடம் ஒரு ஸ்பானர் இருக்கிறது, பழைய இரும்புக் கடையில் நிறைக்கு வாங்கியது, கழுத்தில் அம்பு. தண்ணீர்ப் பம்பு கழற்ற இன்றைக்கும் அதுதான்.

படுவான்கரையில் மாட்டுக்குச் சுடுகிற குறியை நினைத்துக்கொள்ளுங்க. யாருடைய பட்டி என்று தொடையில் இருக்கும். விற்றால் வாங்கியவன் தன் குறியைப் பக்கத்தில் சுடுவான், பழையது அழியாது, மாட்டைப் பார்த்தாலே கை மாறிய கதை தெரியும். இங்கேயும் அதுதான். கனடாவின் பொருள் என்றால் ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு. அவுஸ்திரேலியா என்றால் இரண்டு 'டி'க்கு நடுவில் அம்பு. இந்தியா என்றால் அம்போடு 'ஐ'. அரசு தன் கையை விட்டு விற்றுவிட்டால் இரண்டாவது அம்பை எதிராக, முனைக்கு முனை முட்டுகிற மாதிரி அடிப்பார்கள். அதற்குப் பிறகு அது அரசாங்கச் சொத்து அல்ல. அந்த இரட்டை அம்பு இல்லாமல் ஒரு சாமான் வெளியே திரிந்தால், எப்படி வெளியே வந்தது என்று கேட்கலாம். என் ஸ்பானரில் ஒற்றை அம்புதான். என்னைக் கேட்காதீங்க, கடைக்காரரைக் கேளுங்க.

தேய்ந்த குறியை வாசிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஸ்பானர், பூட்டு, பழைய தையல் மெசின் எதற்கும் உதவும். தூளைப் போட்டு உரஞ்ச வேண்டாம், மண்கடதாசி கிட்டவே வேண்டாம். அறையை இருட்டாக்குங்க. ஃபோன் ரோச்சை இரும்பின் மட்டத்தோடு படுக்க வைத்து, பக்கத்திலிருந்து அடியுங்க. நேரே அடித்தால் மினுங்கும், ஒன்றும் தெரியாது. படுக்கை வெளிச்சத்தில் பள்ளத்தின் ஒரு கரை வெளிச்சமாகவும் மறு கரை இருட்டாகவும் வரும். ரோச்சை மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் எழுத்து எழும்பி நிற்கும், மற்றக் கோணத்தில் மறையும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு படம். அப்புறம் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேயுங்க. கண்ணுக்குத் தெரியாத '3' கடதாசியில் வரும். என் ஸ்பானரில் அம்புக்குக் கீழே வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் அப்படித்தான் வந்தது: 42.

9 ஏப்ரல்

இன்றைய திகதியைப் பார்த்து ஒருவர் ஹேர்மிஸ் கப்பலை இழுத்துவிட்டார். 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு வெளியே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி. 307 பேர் அதோடு போனார்கள். துணைக்குப் போன அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. ஐம்பது மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் ஹேர்மிஸ் கிடக்கிறது, சுழியோடிகள் இப்போதும் வருகிறார்கள்.

"உள்ளே லான்செஸ்டர் கிடக்குமா, பித்தளை என்றால் அழிந்திருக்காதே" என்று கேட்டவருக்கு: கிடந்தாலும் கிடக்கட்டும். அது 307 பேரின் சவக்காலை. சுழியோடிகள் பார்த்துவிட்டு வருகிறார்கள், அதோடு நிற்பதுதான் மரியாதை. இந்த இழையில் அதற்கு மேல் வேண்டாம்.

2 மே

ரொறொன்ரோத் தம்பி லோங் பிராஞ்சில் வீடு பார்க்கிறாராம், "உங்கள் ஸ்டென்னில் எங்கள் ஊர்ப்பெயரா" என்று கேட்கிறார். ஓம். கனடாவில் செய்த ஸ்டென் மார்க் 2இன் மகசின் கூட்டில் லோங் பிராஞ்ச் என்ற பெயரும் வருடமும் தெளிவாக அடித்திருக்கும். பிரித்தானியத் தொழிற்சாலைகள் தங்கள் பெயரை மறைத்துக் குறியெண் போட்ட காலத்தில், இவர்கள் ஊர்ப்பெயரையே போட்டார்கள். குண்டு விழாத நாடு, பயமில்லை. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் பெரும்பங்கு பெண்கள். பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் இன்னும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சி நடத்துகிற மண்டபம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்க, வீட்டு வாடகையைப் பற்றிப் பிறகு அழலாம்.

ஸ்டென் என்று தொடங்கிவிட்டதால் மார்க் 3ஐயும் சொல்லவேணும். அதைப் பெருந்தொகையாகச் செய்தது லைன்ஸ் பிரதர்ஸ், சமாதான காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் செய்கிற கம்பனி. தகரத்தை வளைத்து ஒட்டுவதில் அவர்களை யார் மிஞ்சுவது? 8 இலட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். மார்க் 3இன் உடலை மேலிருந்து பாருங்க, தகட்டைக் குழாயாக வளைத்து ஒட்டிய தையல் முதுகெலும்பு போல நீளத்துக்கு எழும்பி நிற்கும். அதை அரமெடுத்து மட்டமாக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. வெல்டிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அவசரம் எனக்குப் பிடிக்கும். அழகு பார்த்தால் லான்செஸ்டர். கடைந்து, துளைத்து, பித்தளை வார்த்து, மரம் செதுக்கி. ஆனால் ஒரு இலட்சத்தைத் தாண்டவில்லை. ஸ்டென் நாற்பது இலட்சம்.

மார்க் 2இல் குழல் கழற்றலாம், மகசின் கூட்டைக் கீழே சுழற்றி மூடலாம். மார்க் 3இல் இரண்டும் முடியாது, எல்லாம் ஒட்டு. படத்தில் அடையாளம் காண இது போதும்.

3 மே

ஸ்டென்னில் சூட்டை மாற்றுகிற பொத்தானில் 'ஆர்', 'ஏ' என்று இரண்டு எழுத்து. தம்பிமார் நினைப்பது போல ரைபிள், ஆர்மி அல்ல. 'ஆர்' பக்கம் ஒற்றைச் சூடு, 'ஏ' பக்கம் தொடர்ச்சூடு. போன தடவை சொன்ன இலக்கக் கடைசி 'ஏ' வேறு, இந்த 'ஏ' வேறு. ஒரே எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் இணையத்தில் தேடினால் இப்படித்தான் குழம்பும்.

18 ஜூன்

ஸ்டேர்லிங் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க விடமாட்டீர்கள் போல. எங்கள் வயதுக்காரர் எஸ்.எம்.ஜி. என்றால் மனதில் வருவது அதுதான்.

வளைந்த மகசின், 34 சன்னம். துளையுள்ள உறை வாய்வரை. பின்கட்டை மடித்துக் கீழே போடலாம். ஜோர்ஜ் பட்செற் வடிவமைத்தது, பிரித்தானிய இராணுவம் 1953இல் எடுத்தது, 1956இல் வந்த எல்2ஏ3 என்ற வடிவம்தான் கடைசிவரை நின்றது. மாற்று நெம்பில் எழுத்துக்குப் பதிலாக இலக்கம்: தொடர்ச்சூட்டுக்கு 34, ஒற்றைச் சூட்டுக்கு 1, பிறகு பூட்டு. வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். பிரித்தானிய இராணுவத்துக்குச் செய்ததில் இலக்கத்துக்கு முன்னால் 'யு.எஃப்.' என்றால் பசாகேர்லி அரச தொழிற்சாலை, 'யு.எஸ்.' என்றால் டகன்ஹாம். அமெரிக்கா என்று நினைத்துவிடாதீங்க.

இங்கே எங்கள் கண்ணுக்கு மிகக் கிட்ட வந்தது அதன் இந்தியப் பிறப்பு. கான்பூரில் 1963இலிருந்து அனுமதி பெற்றுச் செய்தார்கள், கார்பைன் என்பது அவர்கள் வைத்த பெயர். 1987 தொடக்கம் 1990 வரை இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் கல்லடிப் பாலத்தில் வரிசையில் நிற்காத ஆள் யார்? நான் அப்போது இளந்தாரி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது சென்ரியின் வயிற்று மட்டத்தில் அது தொங்கும். கறுப்புப் பெயின்ற் ஓரமெல்லாம் தேய்ந்து வெள்ளி போல மினுங்கும், கட்டை மடிகிற மூட்டில் தேய்மானம் அதிகம், மகசின் கூட்டிலே எழுத்து வரிசை. என் கண் தானாக அங்கே போகும், பட்டறைப் பழக்கம். உடனே திருப்பி வாவியைப் பார்ப்பேன். அந்த நாளில் துவக்கின் இலக்கத்தை வாசிக்கிறவன் என்று பெயர் எடுத்தால் வீட்டுக்குத் திரும்புவது கஷ்டம். கூட நின்ற மச்சான் ஒருமுறை காதுக்குள் சொன்னான், "நீ மீனைப் பார், இரும்பைப் பார்க்காதே."

அதனால் அந்த எழுத்து என்னவென்று பல வருடம் கழித்துப் புத்தகப் படங்களில்தான் வாசித்தேன்.

19 ஜூன்

"பயங்கரமான சாமானைப் பற்றி ரசித்து எழுதுகிறீர்கள்" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. நியாயமான கேள்வி. ரசிப்பு இரும்பு வேலையில். அந்த இரும்பால் என்ன நடந்தது என்பது இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், என் வீட்டுக்கும். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எந்தத் துவக்கு, யார் செய்தது, எந்தக் கையால் வந்தது என்று வாசிக்கத் தெரிந்தால் பழைய படம் ஒன்றைப் பார்த்து யாரும் வாய்க்கு வந்த கதை சொல்ல முடியாது. எனக்கு அது முக்கியம்.

8 ஜூலை, அவசரம்

கிணறு இறைக்கும்போது துருப்பிடித்த குழாய் போல ஒன்று வந்ததாகவும், அதைத் தேய்த்து இலக்கம் பார்த்து அனுப்பவா என்றும் ஒருவர் தனிமடல் போட்டிருக்கிறார். எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

தேய்க்க வேண்டாம். தூக்க வேண்டாம். படம் எடுக்கக் கிட்டப் போகவும் வேண்டாம். பொலிஸின் 119க்கு அடியுங்க. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்பட்டதுதான், அதற்காகக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதெல்லாம் வெறும் பழைய இரும்பு என்று அர்த்தமில்லை. குழாய் துவக்கா வேறு ஏதாவதா என்பது துரு ஏறிய பிறகு யாருக்கும் கண்ணால் தெரியாது. துவக்காகவே இருந்தாலும், 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்னும் நிற்கிறது, தானியங்கி ஆயுதத்துக்கும் அதன் பாகத்துக்கும் "பழைய சாமான், சும்மா வைத்திருந்தேன்" என்பது பதில் ஆகாது. இந்த இழை படத்துக்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதற்கும் மட்டும்.

8 ஜூலை, மாலை

பொலிஸார் வந்து கொண்டுபோய்விட்டார்களாம். பம்பின் உறிஞ்சு குழாய். நல்லது. அடுத்தமுறையும் 119தான்.

22 ஜூலை

வெளிநாட்டு ஏலத் தளங்களின் இணைப்புகளை வரிசையாகப் போட்டு "இது முழு அசலா, இது பொய்யா" என்று கேட்கிறீர்கள். வாங்கப் போவதில்லை, பார்க்கிற ஆசைதான், விளங்குது. இரண்டு மூன்று விசயம்.

தொழிற்சாலையில் அடித்த எழுத்து உருளையால் அழுத்தியதாக இருந்தால் வரிசை நேர், ஆழம் ஒரே அளவு. இலக்கம் மட்டும் கையால் அடித்திருப்பார்கள், அது சிறிது ஆடும், ஒரு எண் மேலே ஒன்று கீழே. எனவே இலக்கம் கோணலாக இருப்பது சந்தேகத்துக்குரியதல்ல. சந்தேகப்பட வேண்டியது அடித்த இடத்தைச் சுற்றி இரும்பு பள்ளமாக இருந்தால். பழையதைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறான். ரோச்சைப் படுக்கப் பிடித்தால் அந்தப் பள்ளம் தட்டுப்போலத் தெரியும். இன்னொன்று, பஞ்ச் அடித்தால் ஓரத்தில் இரும்பு பிதுங்கும். ஐம்பது வருடம் கைபட்ட துவக்கில் அந்தப் பிதுக்கல் மழுங்கியிருக்க வேணும். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கூராக இருந்தால் நேற்று அடித்தது.

ஆனால் பழைய எழுத்தின் மேலே அடித்ததெல்லாம் களவு அல்ல. அமெரிக்காவின் தொம்சன் துவக்கில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1921 மாதிரியென்று செய்து விற்காமல் கிடந்தவற்றைச் சற்று மாற்றி 1928 மாதிரியாக வெளியே விட்டார்கள். வருடத்தின் கடைசி '1'க்கு மேலேயே '8'ஐ அடித்தார்கள், அடியில் ஒன்று தெரியும். கம்பனியே செய்தது. அந்த மேலடி இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் சேகரிப்பவன் இரண்டாம்முறை பார்ப்பான்.

பிரித்தானிய ரைபிள்களில் 'எஃப்.ரி.ஆர்.' என்ற மூன்று எழுத்தும் வருடமும் பிந்தி அடித்திருந்தால், தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் முழுதாகப் பிரித்துச் செய்யப்பட்டது என்று பொருள். மரம் புதுசு, குழல் புதுசு, மேற்பூச்சு புதுசு. இதை 'கலப்படம்' என்று விலை குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது விளங்குவதே இல்லை. இராணுவத் துவக்கு ஒரு நாள் கூட அலுமாரிக்காகச் செய்யப்படவில்லை. உடைந்தது, மாற்றினார்கள், மாற்றியதை எழுதி வைத்தார்கள். பெட்டியைத் திறக்காமலே கிடந்த துவக்குக்கு எல்லா இலக்கமும் பொருந்தும், ஏனென்றால் அதை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. மாறிய பாகமும் பிந்திய எழுத்தும் உள்ளதைத்தான் நான் இரண்டுமணி நேரம் பார்ப்பேன்.

23 ஜூலை

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன், ஒன்றைச் சேர்க்கவேணும். மாறிய பாகத்தை நான் விரும்புவது, மாற்றியவன் படைப் பட்டறைக்காரன் என்றால். போன வருடம் யாரோ விற்பனைக்காக ஐந்து துவக்கின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்று கட்டி, மேலே பெயின்ற் அடித்து, பொய் இலக்கம் போட்டால் அது வேறு. கனடியக் கூடு, ஆங்கிலக் குழல், யாருடையதோ பின்கட்டை, எல்லாம் ஒரே நிறத்தில் மினுங்கினால் ஒதுங்கிப் போங்க. உண்மையில் பாவித்த துவக்கில் பாகத்துக்குப் பாகம் நிறம் பேதப்படும்.

13 ஓகஸ்ட்

கல்முனைத் தம்பி படத்தின் பின்பக்கத்தை ஒருவழியாக ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டார். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் 1956. திருகோணமலைத் தளம் 1957இல்தான் இலங்கையின் கைக்கு வந்தது, ஆகவே படம் எடுத்தபோது அங்கே பிரித்தானியக் கடற்படையும் இருந்தது, 1950இல் தொடங்கிய எங்கள் றோயல் சிலோன் கடற்படையும் இருந்தது. அப்பப்பா எதில் இருந்தார் என்பதைத் துவக்கு சொல்லாது. இரண்டிலும் லான்செஸ்டர் கையில் வந்திருக்கலாம். தொப்பிப் பட்டியில் எழுத்து இருக்கிறது தம்பி, துவக்கையே பார்த்துக்கொண்டு நாம் எல்லோரும் அதை விட்டுவிட்டோம். அந்த மூலையை மட்டும் திரும்பப் பெரிதாக்கி அனுப்புங்க.

விவரம் எழுதுவதென்றால், "லான்செஸ்டர் மார்க் 1 நட்சத்திரம்" போதும். கம்பனிப் பெயர் எழுத வேண்டாம், கூட்டின் எழுத்து நிழலில் இருக்கிறது. அசல் என்ற சொல்லும் வேண்டாம். அப்பப்பா அசல், அது போதும்.

14 ஓகஸ்ட்

காக்கா, பாடசாலை கடேற் காலத்தில் நீங்கள் தூக்கிய ரைபிளில் 'டி.பி.' என்று இருந்ததற்கு டிரில் பேர்ப்பஸ் என்று பொருள். பயிற்சிக்கு மட்டும், சுடக்கூடாது. மரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருந்ததும் அதற்குத்தான். "நான் சுட்டுப் பழகின துவக்கு" என்று பேரனுக்குச் சொல்லியிருந்தால் அவன் இதை வாசிக்க முன் வேறு கதை யோசியுங்க.